ஒன்றேகால் கிலோ

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாயிற்று. உன் அக்கா, "தாளைக் கிழிச்சது போதும், எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். உன் கார்பன் சக்கரம் ஜோடியாக வந்து சேர்ந்தது. நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. பார்சல்காரர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டியை ஒற்றைக் கையில் ஆட்டிக்கொண்டே கடைக்கு வந்தார். வாங்கித் தூக்கினேன். தூக்கின வேகத்தில் பெட்டி என் தலைக்கு மேலே போய்விட்டது. இருபத்தாறு வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், ஒரு ஜோடி சக்கரம் என்ன கனம் என்று என் தோளுக்குத் தெரியாதா?

"உள்ள ஒண்ணுமே இல்லையேய்யா! வழியில யாரோ உருவிட்டாங்க."

"இருக்குங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் பிரிச்சுப் பாருங்க."

"போட்டா வாங்கினதா ஆயிடும். என்னை என்ன இளிச்சவாயன்னு நினைச்சீங்களா?"

தெருவே கூடிவிட்டது. 'காலிப் பெட்டி, வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்காவதோடு நின்ற படிப்பென்றாலும் கையெழுத்து அன்றைக்கு முத்து முத்தாக விழுந்தது.

சாயங்காலம் உன் அக்கா நீ விட்டுப்போன சக்கர விவரத் தாளை எடுத்து வாசித்தாள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒன்றேகால் கிலோவாம். இதை நீ முன்னாலேயே என் காதில் போட்டிருக்கலாம். பாதித் தப்பு உன்னுடையது.

தலை நிமிர முடியாத உன்
அத்தான்

மார்ச் 7

அத்தானுக்கு,

பத்து தடவை சொன்னேன். நீங்கள் பத்து தடவையும் சிரித்தீர்கள். "ஊதினால் பறக்குமா" என்று கேட்டது நீங்கள்தான்.

21ஆம் தேதி சனிக்கிழமை மலைப் போட்டி. பதினான்கு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். முதல் நான்கு பேருக்குத்தான் அணியில் இடம். போன வருஷம் பதினொரு வினாடி பின்தங்கி ஐந்தாவதாக வந்தேன். எனக்கு முன்னால் போன நான்கு பேர் வண்டியிலும் அந்தச் சக்கரம். என் வண்டியில் நீங்கள் தட்டி நிமிர்த்திய சக்கரம். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிவிடும். உங்களுக்கு இது விளையாட்டு. எனக்கு இது ஒன்றுதான்.

எப்படியாவது மீட்டுவாருங்கள். இந்தப் பயிற்சி முகாமுக்குப் பார்சல் அனுப்பக் கூடாது. வீட்டு ஆள் நேரில் கொண்டுவந்தால்தான் வாசல் காவலர் வாங்கிப் பதிவேட்டில் எழுதுவார், அதுவும் ஒரு சாமான் ஒரு தடவைதான். பார்க்க விடமாட்டார்கள். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் உங்களைத் திட்டக்கூட முடியவில்லை.

இதை மட்டும் செய்யுங்கள். இனி உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

'இனி கேட்கமாட்டேன்' என்ற வரியை உன் அக்கா சத்தமாக வாசிக்கவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டேன்.

பார்சல் ஆபீசுக்கு நான்கு நாள் அலைந்தேன். ஒன்றாம் ஜன்னல் இரண்டாம் ஜன்னலைக் காட்டும். இரண்டாம் ஜன்னல் சாப்பிடப் போயிருக்கும். ஒருவழியாக ஆள் கிடைத்தால், "காலிப் பெட்டின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? காலிப் பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு ஓட்டம்?" என்கிறார். அந்த முத்தான கையெழுத்தை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். ஐந்தாம் நாள் உன் அக்கா வந்து ஜன்னல் ஓரமாக நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். பெட்டி வந்துவிட்டது.

பிரித்துப் பார்த்தேன். மாப்பிள்ளை, கேலி செய்ததெல்லாம் வாபஸ். அச்சைப் பிடித்துச் சுண்டிவிட்டு முகம் கழுவி வந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பூனை படாத உயரத்தில் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சுத்தியலைத் தொடவில்லை, உன் மேல் சத்தியம். 18ஆம் தேதி புதன்கிழமை நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து தருகிறேன். பெட்டி கிழியாமல் இருக்க உன் அக்கா இப்போதே டேப் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

உன்
அத்தான்

மார்ச் 20, வெள்ளி
முகாம் வாசல்

மாப்பிள்ளை,

நேற்று நீ பெட்டியைப் பிரித்திருப்பாய். என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குக் கேட்டுவிட்டது, திரும்ப எழுத வேண்டாம்.

நடந்தது இதுதான். புதன்கிழமை டேப் சுற்றின பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏழு மணி நேரம் மடியிலேயே வைத்திருந்தேன். கனமே இல்லை. இந்தத் தடவை நான் சந்தேகப்படவில்லை. கார்பன் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கம்கூடச் சொன்னேன். காவலரிடம் கொடுத்தேன், அவர் பதிவேட்டில் ஏற்றினார். நேற்றுக் காலை வந்து கடையைத் திறந்தால், சுவரில் இரண்டு சக்கரமும் தொங்குகின்றன.

உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பஸ்ஸைப் பார்த்தேன்.

இன்றைக்குப் பெட்டி இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரியட்டும் என்று தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். காவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுகிறார். "சக்கரம், ஒரு ஜோடி, புதன்கிழமையே வந்தாச்சு. அதே சாமானை ரெண்டாவது தடவை வாங்க முடியாது."

"அது காலிப் பெட்டிங்க."

"காலிப் பெட்டின்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

கடிதம் என்றால் வாங்கிக்கொள்வாராம். அதனால்தான் இது. நீ வெளியே வந்து எடுத்துக்கொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். வாசலுக்கு எதிரே மைல்கல்லில் உட்கார்ந்திருக்கிறேன். பேச வேண்டாம், முகத்தைப் பார்க்க வேண்டாம், சக்கரத்தை எடுத்துக்கொண்டு போ. நாளைக்கு அந்தப் பதினொரு வினாடியை மட்டும் எப்படியாவது வாங்கிவிடு.

இன்னொன்று. இதை எழுதுவதற்காக முன்சக்கரத்தை மைல்கல்லில் சாய்த்து வைத்தேன். காற்று அடித்தது. அது இறக்கத்தில் கிளம்பிவிட்டது. மூன்றாவது வளைவில் புல்லில் படுத்திருந்தது, எடுத்து வந்துவிட்டேன். விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. என் இடது கால் செருப்பைத்தான் காணோம். வரும்போது பழைய ஷூ இருந்தால் கொண்டுவா. எட்டாம் நம்பர்.

அத்தான்