ஏழாவது அட்டை

வல்சூரா
4 அக்டோபர் 2011

அன்புள்ள உர்செட்டா,

இடுப்பு எப்படி இருக்கிறது? ஊன்றுகோலை விட்டுவிட்டாயா, இல்லை லடீனா இன்னும் கையில் திணிக்கிறாளா? மகள் வீடு என்றாலும் கூர் நகரத்து மாடிப்படி மாடிப்படிதான். பார்த்து ஏறி இறங்கு.

கூடவே ஒரு கற்றைக் காகிதம் வருகிறது. பயப்படாதே, விவாகரத்துப் பத்திரம் இல்லை. இணைப்பு வாக்கெடுப்புக்கு நான் எழுதியிருக்கும் விளக்கக் கையேடு. நவம்பர் 27, ஞாயிறு. வல்சூரா ஊராட்சி கீழே பூன்ட் ஊராட்சியோடு சேர்வதா, வேண்டாமா? பூன்ட்காரர்கள் ஜூனிலேயே 'ஆம்' என்று சொல்லிவிட்டார்கள். இனி நம் ஊர் நூற்றைம்பது ஓட்டுதான் பாக்கி.

இருபத்திரண்டு வருடமாகச் செயலர் வேலை பார்க்கிறேன். நீ படிக்காமல் ஒரு கையேடுகூட அச்சுக்குப் போனதில்லை. நீ உருளைக்கிழங்கு உரிப்பாய், நான் வாசிப்பேன். கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்புப் பென்சிலால் 'புரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாய். அப்புறம்தான் அச்சகம். தண்ணீர்க் குழாய் வாக்கெடுப்புக்கும் அப்படித்தான், பனிச்சரிவுத் தடுப்பு வாக்கெடுப்புக்கும் அப்படித்தான். இந்தத் தடவை எதிரே ஆள் இல்லாததால் அடுப்பிடம் வாசித்துப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

போனிலேயே வாசித்திருக்கலாம். ஆனால் ஐந்தாவது நிமிடம் நம்மில் ஒருவர் 'டக்'கென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் தபால்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. நேற்று பார்லி சூப் அடிபிடித்துவிட்டது. சீக்கிரம் பதில் போடு.

உன்
துமாஷ்

*

கூர்
7 அக்டோபர் 2011

அன்புள்ள துமாஷ்,

படித்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன், லடீனா தட்டி எழுப்பினாள். உன் முதல் வாக்கியம் பதினோரு வரி போகிறது. நடுவில் மூச்சு வாங்க ஓர் இடம் வைத்திருக்கக் கூடாதா, பாவி மனுஷா!

இதை ஜெல்ஜா தன் ஆட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு படிப்பாள், மறந்துவிடாதே. அவளுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம்: பள்ளிக்கூடம் இருக்குமா, பாதையில் பனியை யார் அள்ளுவார்கள், ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் எங்கே போவது. அதை முதல் பக்கத்தில் போடு. 'ஆம்' என்றால் இது மாறும், 'இல்லை' என்றால் இது மாறாது. அவ்வளவுதான் அவள் கேட்பது.

கடைசிப் பக்கத்தில், 'ஓட்டுச்சீட்டைச் சின்ன உறைக்குள் வை, சின்ன உறையையும் வாக்குரிமை அட்டையையும் பெரிய உறைக்குள் வை, அட்டையில் கையெழுத்துப் போட மறக்காதே, போடாவிட்டால் ஓட்டுச் செல்லாது' என்று அரைப் பக்கம் நீட்டியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் இதே பாட்டு. வல்சூராவில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அடித்துவிட்டேன். அந்த இடத்தில், நீ எழுதாமல் விட்டதை எழுது.

நீ எங்கே, துமாஷ்? எட்டுப் பக்கத்தில் உன் அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'ஆம்' என்றால் அதைப் பூட்டிவிடுவார்கள், உன் வேலை போய்விடும். ஊர் இரக்கப்படுமே என்று கூச்சமா? கூச்சப்பட்டு மறைத்தாலும் அது மறைத்ததுதான்.

அந்த அலுவலகத்தைப் பற்றி என்னைப் பேசவைத்துவிட்டாய், கேட்டுக்கொள். பிப்ரவரியில் பனி உறைந்த அதன் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து நாற்பது நிமிடம் கிடந்தேன். உன் ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீ யாருக்கோ போனில் ஒரு படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தாய். உன் குரல் எனக்குக் கேட்டது. என் குரல் உனக்குக் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் நீ உட்கார்ந்திருக்கும்வரை மேலே வல்சூராவுக்கு வா என்று என்னைக் கூப்பிடாதே. இன்னொரு குளிர்காலம் என்னால் தாங்க முடியாது.

அதற்காக நான் எதற்கு ஓட்டுப் போடுவேன் என்று நீ ஊகிக்க வேண்டாம். முகவரி இன்னும் வல்சூராதான், ஓட்டும் அங்கேதான். ஆனால் அது சின்ன உறைக்குள் இருக்கிற விஷயம்.

'புரிகிறது' இன்னும் எழுதவில்லை. திருத்தி அனுப்பு.

உர்செட்டா

*

வல்சூரா
10 நவம்பர் 2011

அன்புள்ள உர்செட்டா,

நான் திருத்தி அனுப்ப, நீ 'புரிகிறது' போட்ட கையேடு அச்சாகி வீடு வீடாகப் போய்விட்டது. நாலே பக்கம். 'ஆம் என்றால் செயலர் அலுவலகம் மூடப்படும், இப்போதைய செயலருக்கு வேலை இருக்காது' என்ற வரியும் இருக்கிறது. அதை எழுத ஒரு பகல் முழுக்க ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் விளக்கக் கூட்டம். எண்பது பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை. ஜெல்ஜாதான் முதலில் கை தூக்கினாள்.

"ஏம்ப்பா துமாஷ், 'ஆம்'னு போட்டா என் ஆட்டுக்குக் காதுல குத்துற நம்பர் மாறுமா?"

"மாறாது ஜெல்ஜா."

"அப்ப 'இல்லை'ன்னு போட்டா?"

"அப்பவும் மாறாது."

"அப்புறம் எதுக்குடா இத்தனை நாற்காலி போட்டிருக்கீங்க?"

கூடமே சிரித்தது. பாதை வேலை பார்க்கிற ரிஷ் சும்மா இருப்பானா? கடைசி வரிசையில் எழுந்து நின்றான். "அதெல்லாம் கிடக்கட்டும். நீ எதுக்குய்யா போடுவே? அதைச் சொல்லு, நாங்களும் அதையே குத்திட்டு வீட்டுக்குப் போறோம்."

"விளக்குறதுதான் என் வேலை. எதுக்குப் போடணும்னு சொல்றது என் வேலை இல்லை."

"சரி, நீ சொல்ல வேணாம். உன் வீட்டம்மா எதுக்குப் போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும்! ஆபீஸைப் பூட்டினாத்தானே நீ கூருக்குப் போவே!"

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அது உள்ளே குடைந்துகொண்டே இருக்கிறது. வந்த உறைகளை எண்ணுகிறேன், அலமாரியைப் பூட்டுகிறேன், பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். நேற்று மட்டும் மூன்று தடவை.

இந்த வேலை இல்லாவிட்டால் நான் யார் என்று தெரியவில்லை, உர்செட்டா. நீ இல்லாத வீட்டிலும் அது தெரியவில்லை. இரண்டையும் ஒரே சீட்டில் கேட்கிறார்கள்.

உன்
துமாஷ்

*

கூர்
18 நவம்பர் 2011

அன்புள்ள துமாஷ்,

ரிஷை நான் பார்க்கும்போது நாலு வார்த்தை கேட்கிறேன். என் மனசு ஊருக்கே தெரியுமாம்! எனக்கே தெரியாமல் இருந்தது.

நிஜமாகச் சொல்கிறேன். உன் கையேட்டை எத்தனை தடவை படித்தேன் என்று லடீனாவைக் கேள். அதில் புரியாத வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் புரிந்த பிறகும் பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். ஐந்து நாள் சீட்டு மேஜையில் கிடந்தது. புதன்கிழமை காப்பி அடுப்பில் இருக்கும்போதே விறுவிறுவென்று போட்டேன், ஒட்டினேன், செருப்பைக்கூட மாற்றாமல் ஓடிப்போய்த் தபால்பெட்டியில் தள்ளினேன். திரும்பி வருவதற்குள் காப்பி பொங்கி வழிந்திருந்தது.

மருத்துவர் ஊன்றுகோல் வேண்டாம் என்கிறார். அக்ரூட் பலகாரம் ஒன்று அனுப்புகிறேன். ரிஷுக்குக் கொடுக்காதே.

உர்செட்டா

*

வல்சூரா
28 நவம்பர் 2011

உர்செட்டா,

ரேடியோவில் கேட்டிருப்பாய். ஆம் அறுபத்தொன்று, இல்லை அறுபத்தொன்று. சமம் என்றால் முன்மொழிவு தோற்றது. அலுவலகம் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கூடத்தில் கைகொடுத்தார்கள். ரிஷ் முதுகில் தட்டி, "தப்பிச்சேய்யா!" என்றான். நான் கூடத்தில் நிற்காமல் வெளியே போய்விட்டேன்.

சொல்லிவிடுகிறேன். தபாலில் வருகிற பெரிய உறையைப் பிரித்து அட்டையைச் சரிபார்ப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். சின்ன உறை ஒட்டியபடியே பெட்டிக்குள் போகும், ஞாயிறன்று எண்ணுகிறவர்கள்தான் திறப்பார்கள். வியாழக்கிழமை பார்த்தபோது ஏழு அட்டைகளில் கையெழுத்து இல்லை. ஒரு தடவையும் இத்தனை பேர் மறந்ததில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குள் வந்து போட்டால் செல்லும். ஆறு பேருக்குப் போன் செய்தேன். ஆறு பேரும் வந்தார்கள். ஜெல்ஜா ஆட்டுச் சாணி ஒட்டிய பூட்ஸோடு வந்து, "என் பேரே எனக்கு மறக்குது" என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனாள்.

ஏழாவது அட்டை உன்னுடையது.

போனைக் கையில் எடுத்தேன். லடீனா நம்பரில் பாதி அழுத்தினேன். ரிஷ் சொன்னது காதில் விழுந்தது. உள்ளே 'ஆம்' இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. போனை வைத்துவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் இருந்தது. காலைப் பேருந்தில் ஏறியிருந்தால் நீ பத்து மணிக்குள் வந்திருப்பாய்.

உன் சின்ன உறை ஒட்டியபடியே அலமாரியில் இருக்கிறது. செல்லாதது என்று முத்திரை குத்தியது நான்தான். அதைத் திறக்க எனக்கு உரிமை இல்லை, திறக்கவும் மாட்டேன். ஆனால் அலமாரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எதற்குப் போட்டாய் என்று மட்டும் சொல்லிவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

துமாஷ்

*

கூர்
1 டிசம்பர் 2011

துமாஷ்,

சொல்ல மாட்டேன்.

'இல்லை' என்று சொன்னால் முடிவு எப்படியும் மாறியிருக்காதே என்று நிம்மதியாகிவிடுவாய். 'ஆம்' என்று சொன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுது, அதோடு தீர்ந்தது என்று நினைப்பாய். இரண்டையும் உனக்குத் தர மாட்டேன். உறைக்குள் இருப்பது அவரவருடையது என்று இருபத்திரண்டு வருடம் ஊருக்குச் சொன்னவன் நீ.

என் பங்கையும் சொல்கிறேன். அந்த அரைப் பக்கத்தை அடித்தது என் சிவப்புப் பென்சில். அதனால்தான் ஏழு பேர் மறந்தார்கள், ஏழாவது ஆள் நானே. இதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் மறந்தேன், நீ மறைத்தாய். இரண்டும் ஒன்றில்லை.

பனியில் கிடந்தபோது நான் கத்தியது உனக்குக் கேட்கவில்லை. அது உன் குற்றமில்லை என்று இத்தனை மாதமாக என்னை நானே சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இந்தத் தடவை கத்த வேண்டிய தேவையே இல்லை. என் பெயர் உன் கையில் இருந்தது. பார்த்தாய், விட்டுவிட்டாய்.

எனக்கு இனி எழுதாதே. எழுதுவதானால் ஊருக்கு எழுது.

உர்செட்டா

*

வல்சூரா
9 ஜனவரி 2012

உர்செட்டா,

ஊருக்கு எழுதியிருக்கிறேன். ஊராட்சி மன்றத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மறு வாக்கெடுப்பு நடத்தத் தீர்மானித்துவிட்டார்கள். ரிஷ் இப்போது என்னைப் பார்த்தால் பாதையின் அந்தப் பக்கம் போகிறான். கீழே இருப்பது புதிய கையேட்டின் முதல் பக்கம். இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், பென்சில் மட்டும் போதும்.

துமாஷ்

*வல்சூரா வாக்காளர்களுக்கு*

*நவம்பர் 27 வாக்கெடுப்பு செல்லாது. பிப்ரவரி 5, ஞாயிறன்று மறுபடி ஓட்டுப் போட வேண்டும்.*

*காரணம் இது. ஏழு பேர் அட்டையில் கையெழுத்துப் போட மறந்தார்கள். செயலர் ஆறு பேருக்குச் சொன்னார். ஒரு வாக்காளருக்குச் சொல்லவில்லை. அந்த ஓட்டு தனக்குப் பாதகமாக இருக்கும் என்று நினைத்து, வேண்டுமென்றே சொல்லவில்லை.*

*இந்தத் தடவை உறைகளைச் செயலர் தொடமாட்டார். முடிவு 'ஆம்' ஆனாலும் 'இல்லை' ஆனாலும் மார்ச் இறுதியில் அவர் வேலையை விட்டு விலகுகிறார். ஆகவே அவரை நினைத்து யாரும் ஓட்டுப் போட வேண்டாம். பள்ளிக்கூடம், பனி, சான்றிதழ் ஆகியவற்றை நினைத்துப் போடுங்கள்.*

*அட்டையில் கையெழுத்துப் போடுங்கள். போடாவிட்டால் உங்கள் ஓட்டுச் செல்லாது.*

*

(திரும்பி வந்த அதே தாளில், சிவப்புப் பென்சிலால்)

'ஒரு வாக்காளருக்கு' என்பதை அடித்துவிட்டு 'தன் மனைவிக்கு' என்று மாற்றியிருக்கிறேன். ஜெல்ஜா யாருக்கு என்று கேட்பாள்.

கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொல்.

மற்றபடி,

புரிகிறது.
உர்செட்டா

5ஆம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். அட்டையில் அங்கேயே, எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். உறைக்குள் என்ன என்று கேட்காதே. படிக்கட்டில் பனி உருக உப்புத் தூவி வை.