என் ஓட்டு யாருக்குப் போனது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூக்கம்தான் அதன் இஷ்டத்துக்கு வந்து போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். குளிர் அதிகம் என்றாயே, குழந்தையின் காதை மூடி அனுப்பு. நேற்று போனில் நீ தேர்தல் என்னப்பா ஆச்சு என்று கேட்டதும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

நம் வாசலில் சாக்கடைக் குழாய்க்கென்று தோண்டிய பள்ளம் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, மேலே ஒரு பலகை, அதில் நடந்துதான் பால் வாங்கக்கூடப் போகவேண்டும். காலமெல்லாம் பஸ் ஓட்டினவன், எத்தனையோ மோசமான ரோட்டைப் பார்த்தவன், சொந்த வாசலைத் தாண்டப் பயந்து இருட்டினால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேன். கவுன்சிலரிடம் சொன்னால் பார்க்கலாம் என்பார். தெருவிளக்கா, பார்க்கலாம். குப்பையா, பார்க்கலாம். தெருவில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம்'தான். கல்யாணத்துக்கு வந்தார், சாவுக்கு வந்தார் என்று இவருக்கு ஓட்டைப் போட்டுவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொள்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் மூளை இருக்கிறதா என்று டீக்கடையில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் நான். எதிர்வீட்டு நர்ஸம்மாவை, சின்ன வயசில் உனக்கு ஊசி போட வந்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாயே, அவர்களைத்தான், இந்தத் தேர்தலில் நீங்கள் நில்லுங்கள் என்று கிளப்பிவிட்டதும் நானே. பாவம், அந்த அம்மாள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எந்தக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல் நுனியில். நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. நான் எப்படியும் அவர்கள் பக்கம்தானே, என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஓட்டுக் கேட்டு 'பார்க்கலாம்' வந்தார். கூட வந்த கும்பலைத் தெருவில் நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே வந்து உன் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன். "சாப்டீங்களா ஐயா? பொண்ணு போன் பண்ணுதா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பாப்பா, பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. உன் வேலை, பேத்திக்குப் பல் முளைத்தது, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை தூக்கல் என்று சிரித்துக்கொண்டே குடித்தார். பள்ளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் போன பிறகுதான் ஞாபகமே வந்தது. உன் அம்மா போனதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை, தெரியுமா.

ஓட்டுப் போடும்போது நர்ஸம்மாவின் பெயரைப் பார்த்துக்கொண்டே இவருக்குப் போட்டுவிட்டேன். நர்ஸம்மா தோற்றுப்போனார்கள். மறுநாள் என்னைத் தேடி வந்து, "தெருவே என்னைக் கைவிட்டாலும் நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும்ணா" என்றார்கள். நான் தரையைப் பார்த்துத் தலையாட்டினேன். ஜெயித்தவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவராக இருக்குமோ என்று சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இனி யாரையும் திட்ட எனக்கு வாயில்லை.

உங்கள் நகரத்துக்கும் தேர்தல் வருகிறது என்றாய். வீட்டுக்கு வந்து சிரிக்கிறவரைப் பார்த்துப் போடாதே, ரோட்டைப் பார்த்துப் போடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்கவேண்டும், அப்பாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனை மறந்துவிடாதே. அடுத்த தேர்தலுக்குள் ஒரு தடவை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ. வராவிட்டால் மறுபடியும் அவருக்குத்தான் போடுவேன் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா