மாசி எந்தப் படியில் இருக்கிறது?

பாவா,

கற்பூரப் புகையும் ஈர மஞ்சளும் கலந்த அந்த வாசனை இன்றைக்குக் காலையில் மலையை விட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இறங்கி வந்துவிட்டது. டிசம்பர் முப்பத்தொன்று, படித்திருவிழா. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று அமைந்த மலை. பெண்கள் படிக்குப் படி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். நீ போன பிறகு வரும் முதல் வருஷக் கடைசி இது. என் அக்காளைக் கட்டுவதற்கு முன்பே நீ எனக்குக் கூட்டாளி. அதனால் போன பிறகும் நீ, வா, போ தான்.

உன் டிவி ரிப்பேர் கடை தான் எனக்கு உலகத்தைக் காட்டியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். காட்டியது உன் டிவி, சரி. விளக்கிச் சொன்னவன் யார்? எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்துவிட்டு என் அளவுக்கு உலக விஷயம் தெரிந்தவன் ஆர்.கே.பேட்டை வரைக்கும் எவனும் இல்லை. அமெரிக்காவில் அந்த ரெட்டைக் கட்டடத்தில் விமானம் மோதின சாயங்காலம், உன் கடையில் இருந்த அத்தனை டிவியிலும் ஒரே புகை. நீ ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"எத்தத் திருப்பினாலும் அதே தான் வரும் பாவா. ரிப்பேரு டிவியில இல்ல, அங்க" என்றேன். அதையே தான் கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் அப்புறம் வாரக்கணக்கில் சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களின் லட்சணத்தைத் தான் பார்த்தோமே. ஆயுதம் இருக்கிறது என்று ஒரு நாட்டையே உடைத்துத் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று கையை உதறினார்கள். நம் கே.ஜி.கண்டிகையில் ஆடு காணாமல் போனால்கூட, முதலில் உன்னிடம் ஆடு இருந்ததா என்று கேட்பார்கள். விஞ்ஞானிகள் கூட்டம் போட்டு புளூட்டோ கிரகமே இல்லை என்று நீக்கினார்கள். நம் நவக்கிரகத்தில் அவனை எவன் சேர்த்தான், நீக்குவதற்கு? ஒரு டிசம்பரில் உலகம் அழிகிறது என்று கிளப்பிவிட்டார்கள். அழிவு ஆந்திரா வழியாக வந்தால் செக்போஸ்ட்டைத் தாண்டாது என்று நான் அன்றைக்கே சொன்னேன். தாண்டவில்லை. கிருமிக்கு எதிராகத் தட்டைத் தட்டச் சொன்ன வருஷம் நான் தட்டினது நகரி வரைக்கும் கேட்டது. கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்த உலகம் எவ்வளவு கேவலமாக நடந்துகொண்டாலும் செத்தவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் தான் நமக்குள் அந்த வழக்கம். படித்திருவிழா அன்றைக்கு, அந்த வருஷத்தின் பெரிய சாவு எந்த நாளில் நடந்ததோ அந்த நாளின் படியில் ஒரு கற்பூரம், ஒரு கும்பிடு. யோசனை என்னுடையது. கெடுத்தது நீ. அடிப்படி ஜனவரி ஒன்று என்று நான் சொன்னால், சித்திரை ஒன்று என்று நீ சாதித்தாய்.

சுனாமி வந்த வருஷம் நான் டிசம்பரில், உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நீ கீழே உன் மார்கழியில் நிற்கிறாய்.

"மேல வா பாவா, செத்தவங்க இங்க இருக்காங்க" என்று கத்தினேன்.

"நீ எறங்குடா. மலை முருகனுது. வெள்ளைக்காரன் மாசத்த வெச்சிக்கினு இதுல ஏறுவியா?" என்றாய்.

நடுவில் மாட்டிக்கொண்ட சனம் நம்மைப் பைத்தியம் போலப் பார்த்தது. அத்தனை வருஷமும் ஒரு சாவுக்கு ரெண்டு கற்பூரம்.

இந்த வருஷம் நமக்குப் பெரிய சாவு உன்னுடையது தான். அக்காள் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கற்பூரத்தை என் கையில் கொடுத்தாள். அவளால் இனி ஏற முடியாது. நீ போனது பிப்ரவரிக் கடைசி. என் கணக்குப்படி அது அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே. என் முட்டிக்கும் அது தான் தோது. வைத்துவிட்டு வருகிறேன், இங்கிருந்தே பார் என்றேன்.

"உன் கணக்க நீ போனப்புறம் உனக்கு வெச்சிக்கோ" என்றாள் அக்காள். "அவரு மாசியில போனாரு. மாசி எங்க கீதோ அங்க வை."

உன் கணக்கில் மாசி ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது. செத்தும் என்னை ஏறவைத்தாய்.

சித்திரைக்கு இத்தனை நாள், வைகாசிக்கு இத்தனை என்று விரல் மடக்கிக்கொண்டு ஏறினேன். ஆனியில் தடுமாறிவிட்டேன். மஞ்சள் பூசிக்கொண்டிருந்த ஒருத்தியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. கேட்க வேண்டிய ஆள் நீ. குத்துமதிப்பாக எண்ணிக்கொண்டே மேலே போனேன். வழியில் ஒருத்தன், வருஷத்தின் பெரிய சம்பவங்களாம், செல்போனில் கூட்டாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். போர், வெள்ளம், தேர்தல் எல்லாம் ஒரே சினிமாப் பாட்டுக்குள், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு சாவுக்கும் நிற்கவில்லை. தூ. அதில் நீயும் இல்லை.

மாசியில் கற்பூரம் வைத்தேன். காற்றில் அணையப் பார்த்தது. வேட்டியை விரித்து மறைத்துக்கொண்டு, முழுக்க எரிகிற வரைக்கும் நின்றேன். கீழே பிப்ரவரிப் படியைத் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ வைத்த விளக்கு எரிந்தது. உனக்கு இந்த ஒரு கற்பூரம் தான், பாவா.

இறங்கி வந்ததும், "மாசியில வெச்சியா?" என்றாள் அக்காள். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "வெச்சிட்ட" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

இதை நீ வெற்றி என்று நினைத்துக்கொள்ளாதே. நாளைக்கு பஜாரில் எவன் கேட்டாலும் அடிப்படி ஜனவரி ஒன்று என்று தான் சொல்வேன். எவனாவது எனக்கு ஒத்து ஊதி, உன் கணக்கு தப்பு என்று சொல்லிப் பார்க்கட்டும். கடை வாசலிலேயே அவன் சட்டையைப் பிடிப்பேன். உன்னைத் தப்பு என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு மட்டும் தான் பாத்தியதை உண்டு.