ஹாக்கர் சாலையில் தூக்காத விரல்

செப்டம்பர் 3, செவ்வாய். கபுண்டா

அடிலெய்டு கண் டாக்டர் மறுபடியும் அதையே சொன்னார். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரப்பார்வை தங்கும், வண்டி ஓட்டுவதை இன்றோடு விடுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி கிளெனிஸிடம், "கண்ணாடிப் பவர் மாறியிருக்காம்" என்றேன். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய்.

1971இல், கல்யாணமான வாரம் நானும் கிளெனிஸும் போன அதே வழியில் மறுபடியும் கிளம்புகிறோம். மூண்டா கடற்கரை, கிளேர் திராட்சைத் தோட்டங்கள், பிறகு வடக்கே செம்மண் வெளி, கடைசியில் சாயங்காலத்தில் ஊதாவாக மாறிய அந்த மலை. ஒரே ஒரு தடவை, நானே ஓட்டி, என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அப்புறம் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 5, வியாழன். மூண்டா கடற்கரை

படகுத்துறை கோணலாகத் தெரிகிறது. அன்றைக்கு அதன் நுனியில் உட்கார்ந்து கிளெனிஸ் பதினொரு மீன் பிடித்தாள். நான் ஒன்று. இன்று பேக்கரிப் பெண்ணிடம்கூட, "பதினொண்ணுக்கு ஒண்ணு, கேட்டுக்கோம்மா" என்று என் மானத்தை வாங்கிவிட்டாள். அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க நான் அவள் காதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேராகப் பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் புகைதான்.

செப்டம்பர் 7, சனி. கிளேர்

கொடிகள் இன்னும் துளிர்க்கவில்லை. ரீஸ்லிங் ஒயின் மட்டும் அதே புளிப்பு.

"இங்க குடிச்சுட்டுத்தானே எங்கப்பாவுக்கு லெட்டர் எழுதினே?" என்றாள். ஆமாம். உங்கள் மகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று நாலு பக்கம். ஸ்டாம்ப் ஒட்ட மறந்துபோய், பாவம், அவர்தான் தண்டம் கட்டி வாங்கினார்.

பத்திரமாக — இப்போது நான் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் என்ன?

செப்டம்பர் 9, திங்கள். ஹாக்கர்

மாட்டிக்கொண்டேன்.

இந்தப் பக்கம் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவன் பட்டணத்தான், இல்லையென்றால் திமிர் பிடித்தவன். குவார்ன் ஊரைத் தாண்டியதும் கிளெனிஸ் கேட்டாள். "அந்த ஆளு விரல் தூக்கினாரே, நீ ஏன் சும்மா இருந்தே?"

"கவனிக்கல."

அதற்கப்புறம் எதிரே கறுப்பாக எது அசைந்தாலும் விரலைத் தூக்கினேன். மூன்றாவது தடவை அலறினாள். "மெர்வ்! அது வண்டி இல்ல, ஈமு! நடு ரோட்டுல நிக்குது!"

பிரேக்கை மிதித்தேன். ஒரு முழத் தூரத்தில் இறகு அசைந்தது. அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கண்ணாடிப் பவரா? ஏண்டா கிழவா, ஈமுவுக்கு பதிலா ஒரு குழந்தை நின்னிருந்தா?"

வெட்கமாக இருக்கிறது. செத்துப்போகலாம் போல வெட்கம்.

செப்டம்பர் 10, செவ்வாய். ஹாக்கர்

சாப்பாட்டு மேஜையில் கிளெனிஸிடம் உப்பைக் கேட்டேன், நகர்த்தினாள். அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் அவள்தான் ஓட்டினாள். ஊர் முனையில் நிறுத்தினாள். தெற்கே திரும்பினால் வீடு, வடக்கே போனால் மலை. இண்டிகேட்டர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"எனக்குக் கோபம் தீரல," என்றாள். "தீரவும் தீராது. ஆனா இன்னொரு தடவை வந்தா உனக்கு என்ன தெரியப்போகுது?"

வடக்கே திருப்பினாள்.

செப்டம்பர் 13, வெள்ளி. பிளின்மன்

இதை எழுதுவது கிளெனிஸ். மெர்வ் எழுதினால் வரி மேல் வரி ஏறிவிடுகிறது, அவன் சொல்ல நான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், அதையும் குறித்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் மலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். அன்றைக்குப் போலவே மலை முழுக்க ஊதா நிறம் என்று எழுதச் சொல்கிறான். வானம் மூடிக்கிடக்கிறது. பொழுது சாயும்போதாவது மாறும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மாறவில்லை, வெறும் பழுப்புதான்.

"எழுதிட்டியா?" என்றான்.

"எழுதிட்டேன்."

"ஊதாதானே?"

"ஆமா, ஊதாதான்" என்றேன்.