திரும்பி வரும் கப்பல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதிய எரிபொருள் விதிக்கு விருதாமே, அழைப்பிதழ் கிடைத்தது. அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டாள்.

நேற்று துறைமுகத்தில் ஒரு கப்பல் மக்காச்சோள எத்தனாலை இறக்கியது. எத்தனாலைப் பெட்ரோலில் கட்டாயம் கலக்க வேண்டும் என்று உன் விதியில் எழுதினாய். கலக்க இங்கே சரக்கு இல்லையாம். இறக்கிய கையோடு அதே கப்பலில் நம் கரும்பு எத்தனாலை ஏற்றினோம். போவது சோளம் வந்த அதே நாட்டுக்குத்தான். அங்கே கரும்பு என்றால் பசுமையாம், கூடுதல் விலையாம்.

என் சோதனைக்கூடத்தில் இரண்டின் மாதிரிக் குப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வித்தியாசமே தெரியவில்லை. சான்றிதழ் வாங்க வந்திருந்த கப்பலின் கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார்.

"ரெண்டும் ஒரே சரக்குதானேம்மா? போக வர நான் எரிக்கிற எண்ணெயைப் பத்தி மட்டும் யாரும் கேக்கறதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'சுற்றுச்சூழலைக் காக்கும் எரிபொருள்' என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

விழாவுக்கு என்னால் வர முடியாது. கோபமெல்லாம் இல்லை. அன்றைக்குத்தான் அந்தக் கப்பல் மறுபடியும் சோளத்தோடு வருகிறது. உன் விதிப்படி அதற்கும் நான்தான் முத்திரை குத்த வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கை