‘ஸ்பேங்கிங் நியூ’ குக்கர்

5-11-73, திங்கள்
காலை முதல் தூறல். எளாவூரில் பால் லாரிகள் நிற்கின்றனவாம், பால் தாமதம்.

என் வீட்டுக்காரி மங்களம் காலமான பிறகு இன்றுதான் மருமகள் பரணை ஒழித்தாள். மாலையில் வந்த மகனின் சூப்பர்வைசர் கண்ணில் குக்கர் பட்டுவிட்டது. அட்டைப்பெட்டியோடு.

"அட, ஸ்பேங்கிங் நியூ, சார்!"

ஞாயிறு அவர் தங்கைக்குக் கல்யாணம், ஊத்துக்கோட்டையில். சீருக்குக் கேட்டார். தலையாட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. அவர் போனதும் மகன்: "என்னை பர்மனென்ட் பண்றது அவர் கையிலதான் கீது நைனா. பேஜார் பண்ணாத."

6, செவ்வாய்
மழை இல்லை. இருமல் மருந்து தீர்ந்தது.

அகராதி பார்த்தேன். ஸ்பேங்க்: உள்ளங்கையால் அடித்தல். ஸ்பேங்கிங்: கொச்சை, ‘நியூ’வுக்கு முன்னால் வந்தால் அழுத்தம். நம் ‘புத்தம் புது’ போல. ஆயுள் முழுக்க ஆபீசில் ஆங்கிலத்தில் டிராப்ட் எழுதியும் இந்தச் சொல் தேவைப்பட்டதில்லை. வாங்கிப் பல வருடம் ஆன பொருளுக்குப் பொருந்துமா? தொடாமலே இருந்தால் பொருந்தும். என் ஊகம், தவறாகவும் இருக்கலாம்.

தொடாததற்குக் காரணம் நான். வெடித்துவிடும் என்று பயந்து, வாங்கிய அன்றே பரணில் ஏற்றினேன். மங்களம் ஒன்றும் சொல்லவில்லை.

7, புதன்
மேகமூட்டம். குக்கரைத் துடைத்தேன். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றினால், உள்ளே பாதித் துவரம்பருப்பு. காய்ந்து கல்லாக. பாத்திரத்தின் அடியில் வெளிறிய நீர்க்கோடு.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "ஐயே, அத்த சமைச்சிக்கீறாங்க! நீங்க ஆபீஸ் போனதும் ஏத்தி எறக்கிக்கினு இருந்தாங்களா? பலே ஆளு!"

சிரித்துவிட்டு, "நோண்டிப் போட்டுட்டா புதுசுதான் மாமா" என்றாள்.

பருப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

8, வியாழன்
சூப்பர்வைசர் வந்தார். "புதுசு இல்லைங்க. என் வீட்டுக்காரி சமைச்சிருக்கா."

"இருக்கட்டும் சார். பார்க்க ஸ்பேங்கிங் நியூதானே? அங்க யாருக்குத் தெரியப்போவுது?"

"இல்லைங்க. புதுசு இல்லை."

காபியைத் தொடாமல் போய்விட்டார்.

மகன் சாப்பிடவில்லை. "புதுசுன்னு ஒரு வார்த்தை. சொன்னா உனுக்கு இன்னா போச்சு நைனா?"

அவன் வேலை போனால் பழி என்மேல். தெரிகிறது, உறைக்கவில்லை.

9, வெள்ளி
வெயில். மகன் சொல்லிக்கொள்ளாமல் ஷிப்டுக்குப் போனான்.

மருமகள் குக்கரில் பருப்பு வைத்தாள். நான் வாசலுக்குப் போய் நின்றேன். விசில் வந்தது. வெடிக்கவில்லை.

பகல் சாம்பார். மங்களம் இதில் வைத்தது எந்த நாள் சாம்பார்? நானும்தான் சாப்பிட்டிருப்பேன். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். எதுவும் வேறாக ருசித்த ஞாபகம் இல்லை.

ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. கடையில் புதிது கேட்க வேண்டும்.