டூப்ளிகேட் எலும்பு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்கு இருமல் குறைந்துவிட்டது. நீ போனை எடுப்பதில்லை என்பதால் இதை உன் மனைவி கையில் சேரும்படி அனுப்புகிறேன். கோபப்படாமல் முழுசாகப் படி.

காலை எடுத்துவிடச் சொல்லி டாக்டரிடம் நீயே கேட்டாயாம். "மில்லுல கட்டை உருண்ட அன்னைக்கே போயிருக்க வேண்டிய கால், விடு" என்றாயாம். வெள்ளிக்கிழமை சம்மதக் கையெழுத்து என்று உன் மனைவி சொன்னாள். இரண்டு ஆபரேஷன், சீழ், மறுபடியும் படுக்கை. உன் சலிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடாதே.

அவள் அனுப்பிய எக்ஸ்ரே படங்களை இங்குள்ள எலும்பு டாக்டரிடம் காட்டினேன். கெட்ட எலும்பை எடுத்த இடம் விரல் நீளத்துக்குக் காலியாக இருக்கிறது. உன் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்து வைப்பது மட்டும் போதாது, மாற்று எலும்புத் துகளையும் கலந்து நிரப்பலாம் என்றார். காலமெல்லாம் வண்டி உதிரிபாகம் விற்றவன் நான். 'மாற்று' என்றதும் டூப்ளிகேட் சரக்கு என்றே நினைத்தேன். என் தம்பிக்கு ஒரிஜினல்தான் வேண்டும், குறைவதை என் இடுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலத்தான் அந்தத் துகள்; உன் எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளரும், துகள் மெல்லக் கரைந்துபோகும் என்று விளக்கினார்.

ஏற்கெனவே வாங்கினவரை விசாரிக்காமல் நான் எந்தச் சரக்கும் எடுத்ததில்லை. இந்தத் துகளை வைத்துக்கொண்டவர் யாராவது உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிக் காலில் வைத்துக்கொண்ட ஒரு தையல்காரம்மாவிடம் சம்மதம் வாங்கி என்னை அனுப்பிவைத்தார். குணமான அந்தக் காலால்தான் அவர் மெஷினை மிதிக்கிறார். நான் குனிந்து பார்த்ததும், "என்னண்ணே, பழைய வண்டி வாங்க வந்த மாதிரி பாக்குறீங்க? வேணும்னா தட்டிப் பாருங்க" என்றார். தட்டியும் பார்த்தேன். பிறகு, "கத்தி ஒண்ணுமில்லண்ணே. காலை ஊனாம காத்திருந்ததுதான் பாடு" என்றார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் சீழ் முழுக்க அடங்க வேண்டும். அதன்பின்பும் சிலருக்கு எலும்பு கூடுவதில்லையாம். டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. கேட்டவுடன் உத்தரவாதம் தருகிறவனிடம் நான் சரக்கு எடுப்பதில்லை. அதனால்தான் இவரை நம்புகிறேன். கூடாவிட்டால் அப்போது காலை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது.

வியாழக்கிழமை வண்டியோடு வருகிறேன். கடைக்குப் பின்னறையில் கட்டில் போட்டாகிவிட்டது. எத்தனை மாதமானாலும் அங்கே படுத்துக்கொண்டு என் வியாபாரத்தைக் குறை சொல்லு. இங்கே எல்லோரும் முதலாளி முதலாளி என்று தலையாட்டுகிறார்கள். தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை.

யாரிடமும் எதையும் நான் இரண்டாம் முறை கேட்டதில்லை.

கையெழுத்துப் போடாதே, தம்பி.

உன் அண்ணன்